என்விடியாவா, ஏ.எம்.டி.யா? சந்தை இறங்குமோ என்ற பயத்தோடு சிப் பங்குகளை ஒப்பிடுபவர்களின் கேள்விகள்

பங்குச் சந்தை உச்சத்தில் நிற்கும்போதெல்லாம் இந்தக் கேள்விகள் வந்துவிடும். என்விடியா, ஏ.எம்.டி. இரண்டுமே கைவசம் இருக்கிறது, சரிவு வரும் போலிருக்கிறது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? இடையில் மற்ற சிப் நிறுவனங்களான இன்டெல்லையும் மைக்ரானையும் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. கீழே உள்ள எண்கள் நிறுவனங்களின் அறிக்கைகளிலும் சந்தைப் பதிவுகளிலும் உள்ளவை. தொகைகளைக் கோடி டாலரில் தந்திருக்கிறேன். இன்றைய விலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அது நாளைக்கு மாறிவிடும்.

சந்தை விழுந்தால் இரண்டில் எது குறைவாக விழும்?

2022ஐப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தக் காலண்டர் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 19% இறங்கியது. சிப் நிறுவனங்களுக்கான பிலடெல்பியா செமிகண்டக்டர் குறியீடு சுமார் 36%. என்விடியா ஏறத்தாழ 50%, ஏ.எம்.டி. 55%. 2021 நவம்பர் உச்சத்திலிருந்து 2022 அக்டோபர் அடிமட்டம் வரை கணக்கிட்டால் இரண்டுமே மூன்றில் இரண்டு பங்கு மதிப்பை இழந்தன. அப்படி விழுந்த பங்கு பழைய இடத்துக்குத் திரும்ப மூன்று மடங்காக வேண்டும்.

காரணம் எளிது. இரண்டும் தங்கள் முக்கியமான சிப்களைத் தைவானின் டி.எஸ்.எம்.சி. என்ற சிப் தயாரிப்பு நிறுவனத்திடம்தான் தயாரித்து வாங்குகின்றன. இரண்டுக்கும் பெரிய வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய அதே ஆட்கள். இரண்டையும் வைத்திருக்கும் பெரிய ஃபண்டுகளும் அதேதான். ஃபண்டுக்குப் பணம் தேவைப்பட்டால் இரண்டையும் சேர்த்தே விற்கும். "ரெண்டு கம்பெனி வாங்கி வைத்திருக்கிறேன், ரிஸ்க்கைப் பிரித்துவிட்டேன்" என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் இன்னொன்றும் நடக்கும். இரண்டாம் இடத்தில் இருப்பவர் தனியாகவும் விழுவார். 2024 மார்ச்சில் 211 டாலரில் முடிந்த ஏ.எம்.டி., 2025 ஏப்ரலில் 78க்கு வந்தது, அதாவது 63% இறக்கம். இடைப்பட்ட பெரும்பகுதி காலம் சந்தை நன்றாகத்தான் இருந்தது. என்விடியாவுக்கு வந்த ஆர்டர்கள் அதே வேகத்தில் தங்களுக்கு வரவில்லை என்பதுதான் ஏ.எம்.டி.க்குப் பிரச்சினை. அதே ஆண்டு அக்டோபரில் 250ஐத் தாண்டியது வேறு கதை.

இரண்டும் சேர்ந்து விழும் என்றால் ஒப்பிட்டு என்ன பயன்?

விலை ஒன்றாக விழும். லாபம் ஒன்றாக விழாது. நான் ஒப்பிடச் சொல்வது இதைத்தான்: வியாபாரம் பாதியானால் யாரிடம் என்ன மிஞ்சும்?

ஏ.எம்.டி.யின் பழைய வரலாறு இதற்கு நல்ல பாடம். 2006இல் ஏ.டி.ஐ. என்ற கிராபிக்ஸ் நிறுவனத்தை 540 கோடி டாலருக்கு, பெருமளவு கடன் வாங்கி வாங்கியது. சொந்தத் தொழிற்சாலைகளின் செலவு வேறு. 2008 நெருக்கடி வந்தபோது அந்த ஒரு ஆண்டில் மட்டும் 310 கோடி டாலர் நஷ்டம். 2006 தொடக்கத்தில் 40 டாலருக்கு மேல் இருந்த பங்கு 2008 இறுதியில் 2 டாலர் பக்கம் கிடந்தது. 2009இல் தொழிற்சாலைகளை அபுதாபிப் பணத்தோடு தனி நிறுவனமாகப் பிரித்துக் கொடுத்தார்கள், அதுதான் இன்றைய குளோபல்ஃபவுண்டரீஸ். 2015இல் பங்கு மறுபடியும் 2 டாலருக்குக் கீழே போனது. 2014 அக்டோபரில் லிசா சூ தலைமைக்கு வந்து, 2017இல் ரைசன், எப்பிக் சிப் வரிசைகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

அதே 2008இல் என்விடியா பங்கும் 80%க்கு மேல் விழுந்தது. ஆனால் நிறுவனம் நிலைக்குமா என்ற கேள்வி அந்த அளவுக்கு எழவில்லை, கையில் பணம் இருந்தது, தொழிற்சாலை இல்லை. இன்றைய ஏ.எம்.டி.க்கும் தொழிற்சாலை இல்லை, கடன் அழுத்தமும் அன்று போல இல்லை. ஆகவே இந்த இரண்டில் ஒன்று திவாலாகும் என்ற பயம் வேண்டாம். யார் லாபம் எவ்வளவு சுருங்கும் என்பதே கேள்வி.

பி.இ. விகிதம் பார்த்தால் போதாதா?

பி.இ. என்பது பங்கு விலையை ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தால் வரும் எண். சிப் பங்குகளில் அந்த அளவுக்கு ஆட்களைக் குழப்புவது வேறில்லை. இரண்டு காரணங்கள்.

முதலில், எந்த லாபத்தை வைத்துக் கணக்கிடுகிறீர்கள்? ஏ.எம்.டி.யின் 2024ஆம் ஆண்டு முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கணக்கியல் விதிப்படி பங்குக்கு லாபம் 1.00 டாலர். நிறுவனம் "சரிசெய்து" காட்டும் கணக்கில் 3.31 டாலர். ஆண்டு இறுதியில் பங்கு 120 டாலர் அளவில் இருந்தது. முதல் கணக்கில் பி.இ. 120, இரண்டாவதில் 36. ஒரே பங்கு, ஒரே நாள். ஒரு செயலியில் 120 என்று பார்த்தவர் அலறுவார், இன்னொன்றில் 36 என்று பார்த்தவர் மலிவு என்பார்.

இடைவெளி எங்கிருந்து வருகிறது? 2022 பிப்ரவரியில் சைலிங்ஸ் நிறுவனத்தைப் பங்குகளாகக் கொடுத்து வாங்கினார்கள், மதிப்பு ஏறத்தாழ 4,900 கோடி டாலர். அதன் தொழில்நுட்பம், வாடிக்கையாளர் உறவு போன்ற கண்ணுக்குத் தெரியாத சொத்துகளை ஆண்டுதோறும் தேய்மானச் செலவாக எழுத வேண்டும். பணம் வெளியே போகாது, லாபம் மட்டும் காகிதத்தில் குறையும். அதைக் கூட்டிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பங்குகளின் செலவையும் சேர்த்து நீக்கிவிடுகிறார்கள், அதை நான் ஏற்பதில்லை. சம்பளம் சம்பளம்தான், பணமாகக் கொடுத்தாலும் பங்காகக் கொடுத்தாலும். உண்மை 36க்கும் 120க்கும் நடுவில், 36க்கு அருகில் இருக்கிறது என்பது என் கணக்கு.

இரண்டாவது காரணம் இன்னும் ஆபத்தானது. சுழற்சித் தொழிலில் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும் நேரமே லாபம் உச்சத்தில் இருக்கும் நேரமாக இருக்கலாம். நினைவக சிப் தயாரிக்கும் மைக்ரான் 2018 நிதியாண்டில் 1,410 கோடி டாலர் லாபம் ஈட்டியது. பங்குக்கு 11.51 டாலர். அப்போது விலை 50 டாலரைச் சுற்றி, பி.இ. வெறும் 4 அல்லது 5. "இதைவிட மலிவு எங்கே கிடைக்கும்" என்று வாங்கியவர்கள் அந்த டிசம்பரில் 30 டாலருக்குக் கீழே பார்த்தார்கள். 2020 நிதியாண்டில் லாபம் 270 கோடிக்கு வந்துவிட்டது, 2023இல் 580 கோடி டாலர் நஷ்டம். நினைவக சிப் வியாபாரம் நம்மூர் வெங்காய விலை மாதிரி: விலை ஏறினால் எல்லோரும் பயிரிடுவார்கள், அறுவடை ஒரே நேரத்தில் வரும்.

என்விடியா நினைவகம் விற்பதில்லை, அதன் பொருளுக்கு நேரடி மாற்று சுலபமாகக் கிடைக்காது. இருந்தாலும் "லாபத்தோடு ஒப்பிட்டால் என்விடியா மலிவு" என்று யாராவது சொன்னால், அந்த லாபம் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் ஈட்டியது என்று திருப்பிக் கேளுங்கள்.

இரண்டின் நிதியாண்டும் ஒன்றா?

இல்லை. என்விடியாவின் "2025 நிதியாண்டு" 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. அதை ஏ.எம்.டி.யின் 2024உடன்தான் வைத்துப் பார்க்க வேண்டும். மைக்ரானுக்கு ஆண்டு முடிவது ஆகஸ்ட் வாக்கில்.

ஏ.ஐ. செலவு திடீரென்று நின்றால் யாருக்கு அடி அதிகம்?

வியாபாரத்தில் என்விடியாவுக்கு. 2025 நிதியாண்டில் அதன் வருவாய் 13,050 கோடி டாலர், அதில் டேட்டா சென்டர் (பெரிய கணினி மையங்களுக்கான சிப்கள்) மட்டும் 11,520 கோடி, அதாவது 88%. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மொத்த வருவாயே 2,697 கோடிதான். ஏ.எம்.டி.க்கு 2024இல் வருவாய் 2,580 கோடி, டேட்டா சென்டர் பங்கு 1,260 கோடி, பாதிக்குச் சற்றுக் குறைவு. மீதி பி.சி. சிப்கள், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் உள்ளே போகும் சிப்கள், தொழிற்சாலை, வாகனங்களுக்கான சைலிங்ஸ் சரக்கு. அந்த டேட்டா சென்டர் கணக்கிலும் ஏ.ஐ. மட்டும் இல்லை, சாதாரண சர்வர் சிப்களும் உண்டு.

இதை வைத்து ஏ.எம்.டி. பாதுகாப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த மற்ற தொழில்களுக்கும் தனித்தனிச் சுழற்சி இருக்கிறது. 2024இல் கேமிங் வருவாய் 58% வீழ்ந்தது, சைலிங்ஸ் பக்கம் 33% இறங்கியது. அதோடு ஏ.எம்.டி. பங்கின் விலையில் இருப்பது இன்றைய ஏ.ஐ. வருவாய் அல்ல, நாளைக்கு வரப்போவதாகச் சொல்லும் ஏ.ஐ. வருவாய். 2025 அக்டோபரில் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏ.ஐ.யோடு சிப் விற்கும் ஒப்பந்தம் அறிவித்த ஒரே நாளில் பங்கு 20%க்கு மேல் ஏறியது. சிப்களை வாங்கி நிறுவிக்கொண்டே போனால், பங்கு விலையும் குறித்த உயரங்களைத் தொட்டால், 16 கோடி ஏ.எம்.டி. பங்குகள் வரை ஓப்பன்ஏ.ஐ. தலா ஒரு சென்ட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். நிறுவனத்தில் அது ஏறத்தாழ 10%. வாடிக்கையாளருக்குத் தன் பங்கையே கொடுத்துச் சரக்கு விற்பது நல்ல காலத்தில் சாமர்த்தியம். கெட்ட காலத்தில் அந்த ஏற்றம் வந்த வழியே போகும்.

என்விடியாவும் சளைத்ததல்ல. அதே ஓப்பன்ஏ.ஐ.யில் 10,000 கோடி டாலர் வரை முதலீடு செய்யப்போவதாக அதற்கு முந்தைய மாதம்தான் அறிவித்தது. 2000இல் லூசன்ட், நார்டெல் போன்ற தொலைத்தொடர்புக் கருவி நிறுவனங்கள் வாங்குபவர்களுக்கே கடன் கொடுத்து விற்றதை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது உறுத்தும். எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு எண்: 2025 ஜூலையில் முடிந்த காலாண்டில் என்விடியாவின் வருவாயில் 39% இரண்டே நேரடி வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது.

சரிவு வந்தால் கணக்கில் முதலில் எது கெடும்?

சரக்கிருப்பு. சிப் தயாராக மாதக்கணக்கில் ஆகும், ஆகவே முன்கூட்டியே டி.எஸ்.எம்.சி.யிடம் ஆர்டர் கொடுத்து வைக்க வேண்டும். தேவை சட்டென்று நின்றால் சரக்கு வந்துகொண்டே இருக்கும்.

2022இல் இது அப்படியே நடந்தது. கோவிட் கால கேமிங் மோகமும் சிப்களை ஓட்டிக் கிரிப்டோ நாணயம் ஈட்டும் சுரங்கக்காரர்களின் வேகமும் அடங்கின. ஜூலையில் முடிந்த காலாண்டில் என்விடியா 130 கோடி டாலருக்கு மேல் சரக்கு தொடர்பான நஷ்டமாக எழுதித் தள்ளியது. அதற்கு முந்தைய காலாண்டில் 65.5% இருந்த கிராஸ் மார்ஜின் (விற்பனையில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சுவது) 43.5%க்கு விழுந்தது. 100 டாலர் வியாபாரத்தில் 65 மிஞ்சிய இடத்தில் 43, மூன்றே மாதத்தில். 2018 இறுதியிலும் கிரிப்டோ சரக்கு தேங்கி, பங்கு மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் போனது. காலாண்டு முடிவு வரும்போது லாபத்தைப் பார்க்கும் முன் சரக்கிருப்பையும், "வாங்குவதாக ஒப்புக்கொண்ட தொகை" என்று குறிப்புகளில் வரும் எண்ணையும் பாருங்கள். விற்பனையைவிட வேகமாக இவை ஏறினால் கவனம் தேவை.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஓரளவுக்கு உண்டு, அதுவும் இலவசமாக. மைக்ரோசாஃப்ட், ஆல்ஃபபெட், அமேசான், மெட்டா நான்கும் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் இறுதியை ஒட்டி முடிவுகளை வெளியிடும். என்விடியா அதற்கு மூன்று, நான்கு வாரம் கழித்து. என்விடியாவின் பெரிய வாடிக்கையாளர்களான அந்த நால்வரும் மூலதனச் செலவு பற்றிச் சொல்வதுதான் என்விடியாவின் அடுத்த ஆண்டு வியாபாரம். முடிவுகளை விளக்கும் இந்த நான்கு அழைப்புகளையும் கேட்காமல் என்விடியா முடிவுக்காக இரவு கண்விழிப்பவர்களைக் கண்டால் ஆச்சரியமாக இருக்கும்.

அப்புறம் டி.எஸ்.எம்.சி. ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி வாக்கில் முந்தைய மாத வருவாயை வெளியிடுகிறது. ஒரு மாதக் குறைவு ஒன்றும் சொல்லாது, தொடர்ந்து மூன்று மாதம் என்றால் சொல்லும்.

தேய்மானக் கணக்கும் கவனிக்க வேண்டியது. சர்வர் எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற அனுமானத்தை அமேசான் 2025 முதல் சில கருவிகளுக்கு ஆறிலிருந்து ஐந்தாகக் குறைத்தது. மற்றவர்களும் அப்படிக் குறைத்தால் அவர்கள் லாபம் அடிவாங்கும், அடுத்த ஆர்டரில் கை இறுகும்.

இன்டெல் விலை மலிவுதானே, அமெரிக்க அரசே பங்கு வைத்திருக்கிறதே?

அரசு வைத்திருக்கிறது, உண்மைதான். 2025 ஆகஸ்டில் சுமார் 9.9% பங்கை ஒன்றுக்கு 20.47 டாலர் விலையில் எடுக்க ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் என்விடியாவும் 500 கோடி டாலர் போடுவதாக அறிவித்தது. ஆனால் அரசு வந்தது சொந்த நாட்டில் சிப் தொழிற்சாலை வேண்டும் என்பதற்காக, உங்கள் பங்கு விலையைக் காக்க அல்ல.

2024இல் இன்டெல்லின் நஷ்டம் 1,880 கோடி டாலர். அந்த ஆகஸ்டில் டிவிடெண்டை நிறுத்தி, 15% ஆட்குறைப்பு அறிவித்ததும் ஒரே நாளில் 26% விழுந்தது. தொழிற்சாலை உள்ள நிறுவனத்துக்குச் சரிவுக் காலத்தில் செலவு குறையாது, கட்டடமும் இயந்திரமும் சும்மா நின்றாலும் தேய்மானம் ஓடும். நான் ஒப்பிடும் அளவுகோலில் மூன்றில் பலவீனமானது இதுதான். 2000 உச்சத்தில் 75 டாலர் அளவில் இன்டெல் வாங்கியவர், நிறுவனம் லாபத்தில் கொழித்த ஆண்டுகளையெல்லாம் பார்த்தும், 20 ஆண்டு கழித்துக்கூட அசல் விலையைப் பார்க்கவில்லை.

போட்டியில் ஏ.எம்.டி. பிடித்துவிடாதா?

சிப்பில் பிடிக்கலாம். மென்பொருளில்தான் தாமதம். தன் சிப்களுக்கு நிரல் எழுத உதவும் கூடா (CUDA) என்ற மென்பொருளை என்விடியா 2006இலேயே அறிமுகப்படுத்தி, ஒரு தலைமுறைப் பொறியாளர்களைப் பழக்கிவிட்டது. கூகுள் போன்றவர்கள் சொந்தமாக வடிவமைக்கும் சிப்கள் இருவருக்குமே போட்டி.

சீனா, தைவான் விஷயம்?

இதில் இருவரும் ஒரே படகு. 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டை இறுக்கியதும் சீனாவுக்கென்று தயாரித்த எச்20 சிப்புக்காக என்விடியா 450 கோடி டாலர் எழுதித் தள்ள வேண்டியிருந்தது. ஏ.எம்.டி.யும் அதே போன்ற எம்.ஐ.308 சிப்புக்காக 80 கோடி வரை பாதிப்பு என்று அறிவித்தது. தைவானில் பிரச்சினை வந்தால் எந்தப் பங்கு தேவலாம் என்று கணக்குப் போடுவதே வீண், இரண்டுக்கும் சரக்கு வராது.

இப்போது விற்றுவிட்டு, விழுந்த பிறகு வாங்கலாமா?

விற்பது சுலபம். திரும்ப வாங்கும் நாளைப் பாருங்கள். 2021 நவம்பரில் உச்சம் தொட்டபோது என்விடியாவின் வருவாய் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, விற்கக் காரணமே கிடையாது. சரக்கு எழுதித் தள்ளிய செய்தி 2022 ஆகஸ்டில் வந்தபோது விழவேண்டியதில் பெரும்பகுதி விழுந்துவிட்டது. அடிமட்டம் அக்டோபரில், செய்திகள் எல்லாம் மோசம். சாட்ஜிபிடி நவம்பர் இறுதியில் வெளிவந்தது. 2023 மே மாதம் அடுத்த காலாண்டுக்கு 1,100 கோடி டாலர் வருவாய் என்று நிறுவனம் சொன்னதும் மறுநாள் 24% ஏறியது. "இன்னும் கொஞ்சம் தெளிவு வரட்டும்" என்று காத்திருந்தவர்கள் அடிமட்டத்தைப்போல இரண்டு, மூன்று மடங்கு விலையில் வாங்கினார்கள், அல்லது வாங்கவேயில்லை.

ஆகவே முழுக்க விற்பதா, முழுக்க வைத்திருப்பதா என்று யோசிக்காதீர்கள். இந்தப் பங்கு மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மிஞ்சியதைக் குறைத்துவிடுவது நல்லது. பெண்ணின் படிப்புக்கு இரண்டு ஆண்டில் தேவைப்படும் பணம் இதில் இருந்தால், சரிவு வருமா வராதா என்ற விவாதமே தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

மூன்று மடங்கு ஈ.டி.எஃப். (பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டு) பற்றி?

தொடாதீர்கள். சிப் குறியீட்டைத் தினசரி மூன்று மடங்காகப் பின்தொடரும் எஸ்.ஓ.எக்ஸ்.எல். 2022இல் 85%க்கு மேல் இழந்தது.

இந்தியாவிலிருந்து வாங்குபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய்க்கு மேல் முதலீட்டுக்காக அனுப்பும் தொகைக்கு வங்கி 20% முன்கூட்டியே வரியாக (டி.சி.எஸ்.) பிடிக்கும், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் 12.5% வரி, அதற்குள் என்றால் உங்கள் வருமான வரம்புப்படி. பயத்தில் 22வது மாதத்தில் விற்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கணக்கு தாக்கல் செய்யும்போது வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் காட்டாமல் விட்டால் பெரிய அபராதம் வரலாம்.

ரூபாய் ஒரு சின்ன மெத்தை. 2022இல் ரூபாய் மதிப்பு டாலருக்கு எதிராக 10% அளவில் குறைந்தது, அதனால் இந்தியரின் நஷ்டம் கொஞ்சம் மட்டுப்பட்டது. 50% விழுந்த பங்குக்கு இது பெரிய ஆறுதல் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: அமெரிக்காவில் வசிக்காத, அந்நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஒருவர் இறந்தால், அவர் பெயரில் உள்ள அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டினால் அங்கே எஸ்டேட் வரி உண்டு, 40% வரை போகும். என்விடியா ஏறிய வேகத்தில் பலர் அந்த எல்லையைத் தெரியாமலே கடந்திருப்பார்கள்.

சரி, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால்?

என்விடியா. சரிவில் குறைவாக விழும் என்பதற்காக அல்ல, விழும். வருவாய் பாதியானாலும் லாபத்தில் நிற்க அதன் கிராஸ் மார்ஜினில் இடம் இருக்கிறது. 2025 நிதியாண்டில் அது 75%, ஏ.எம்.டி.க்கு 2024இல் 49%. ஏ.எம்.டி. நன்றாக நடக்கும் நிறுவனம், ஆனால் அதன் விலை இன்னும் நடக்காத ஒன்றை நம்பி நிற்கிறது. சந்தை பயப்படும்போது முதலில் கைவிடுவது அந்த நம்பிக்கையைத்தான். ஏ.எம்.டி.யை வாங்க எனக்குப் பிடித்த நேரம் சரிவுக்குப் பின், 2022 அக்டோபர் மாதிரி.

விழும் காலத்தில் டிவிடெண்டாவது வருமா?

என்விடியா 2025இல் காலாண்டுக்கு ஒரு பங்குக்கு 1 சென்ட் கொடுத்தது, அதிலும் அமெரிக்கா 25% பிடித்துக்கொண்டுதான் இந்தியருக்கு அனுப்பும். ஏ.எம்.டி. கொடுப்பதில்லை. இன்டெல் 2024இல் நிறுத்திவிட்டது.